டி. வி. சுந்தரம் ஐயங்காரும் வண்டியை நிறுத்தும் வித்தையும்

ஓட்டுதல் எளிது, ஓடுவதை வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் நிறுத்துதலே அரிது. குதிரையைப் பழக்கியவரும், இறவைக் கிணற்றில் கவலை மாட்டைத் திருப்பியவரும் இவ்வுண்மையை நன்கறிவர். மோட்டார் வண்டியைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் அதன் வேகத்தையே வியந்து பேசுகிறோம்; அது நிற்பதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நிற்காத ஒரு வண்டியைக் கண்ணாற் கண்ட பின்னரே நமக்கும் இதில் கருத்துச் சென்றது.

ஓர் ஐப்பசி மாதத்து மாலையில் நண்பர் ஒருவருடைய காரில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தேவதானத்திற்குச் சென்றுகொண்டிருந்தோம். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலைத் தரிசித்து, இருட்டுமுன் திரும்புவது நம் எண்ணம். இராஜபாளையத்தையும் சேத்தூரையும் கடந்த பின் மழை பிடித்துக்கொண்டது. மேற்கே மலை முழுவதும் முகிலில் மறைந்துவிட்டது. தேவதானத்தை நெருங்குகையில், சாலையின் வளைவொன்றில், மழைக்கு ஒதுங்க விரைந்த ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே பாய்ந்தது. மந்தையின் பின்னே சாக்குக் கொங்காணி போட்ட சிறுவன் ஒருவனும் ஓடிவந்தான். நண்பர் பிரேக்கை அழுத்தினார். அவர் காலடியில் மிதிகட்டை கடகடவென்று அதிர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டதென்று அஞ்சி அவர் காலை எடுத்துவிட்டார். வண்டி மேலே ஓடிற்று. மறுபடியும் முழுப் பலத்தோடு மிதித்தார். சிறுவனுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு முழ இடம் இருக்கையில் வண்டி நின்றது. அவன் நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் நேராதது போலத் தன் ஆடுகளை எண்ணத் தொடங்கினான். நமக்கோ நெடுநேரம் வாய் எழவில்லை.

மறுநாள் இராஜபாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம். ஒன்றும் உடையவில்லை என்றும், அந்த அதிர்ச்சியே சக்கரங்கள் வழுக்காதபடி காக்கும் மின்னணுப் பிரேக்கின் வேலை என்றும், காலை எடுத்ததுதான் பிழை என்றும் அவர் விளக்கினார். வண்டி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அதை அறியாத கால் அதன் வேலையைக் கெடுத்தது. இந்நாட்டில் மோட்டார் வண்டியை ஓட்டுவதையும் நிறுத்துவதையும் ஒழுங்காகக் கற்பித்தவர் யார் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். அதே மலைத்தொடரின் தென் அடிவாரத்தில் பிறந்த ஒரு பெரியாரின் வரலாறு நினைவுக்கு வந்தது. அதனை நம் கல்லூரி மாணாக்கர்க்குச் சுருங்கச் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரி மலையின் நிழலில், வைணவத் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருக்குறுங்குடி விளங்குகிறது. அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். ஊரின் பெயரும் தந்தையின் பெயரும் அவர் பெயருக்கு முன் எழுத்துக்களாக நின்று, பிற்காலத்தில் டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்தாகி, தென்னாட்டில் படியாதவரும் அறிந்த சொல்லாயிற்று.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்ற அந்தண இளைஞர்க்கு மூன்று வழிகளே திறந்திருந்தன: வக்கீல் தொழில், சர்க்கார் உத்தியோகம், கம்பெனிக் கணக்கு. சுந்தரம் ஐயங்கார் இம்மூன்றின் வாயில்களையும் பார்த்தவர். முதலில் வக்கீல் தொழிலில் இறங்கினார். பின் இரயில்வேயில் வேலை பார்த்தார். அதன்பின் ஒரு வங்கியில் அமர்ந்தார். மாதந்தோறும் சம்பளம் வரும் இடத்தை விட்டு, முப்பது வயதைக் கடந்த குடும்பத் தலைவர் ஒருவர் வெளியேறுவதை உலகம் அறிவுடைமை என்று சொல்லாது. ஆயினும் 1911-ஆம் ஆண்டில் அவர் உத்தியோகத்தைத் துறந்து சொந்தத் தொழில் தொடங்கினார். 1912-ஆம் ஆண்டில் மதுரையின் முதல் பஸ் போக்குவரத்தை நடத்தலானார்.

அது எத்தகைய காலம் என்பதை இன்றைய மாணாக்கர் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். இந்தியா முழுமைக்குமான மோட்டார் வண்டிச் சட்டம் அப்போது இல்லை; அது 1914-ஆம் ஆண்டிலேயே வந்தது. சாலைகள் கப்பியும் சரளையுமாகக் கிடந்தன. இரட்டை மாட்டு வண்டியும் ஜட்காவுமே மக்களின் ஊர்தி. அந்நாளைய மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. மிதிகட்டையிலிருந்து இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களும் சென்று அதனை இழுக்கும். ஒரு கம்பி தளர்ந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். நான்கு சக்கரங்களிலும் பிரேக் வைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது 1920-க்குப் பிறகுதான். மிதிப்பின் விசையைத் திரவத்தின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒப்பப் பகிர்ந்தளிக்கும் முறையும், 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூசன்பெர்க் என்னும் காரில் அமைந்த பின்னரே மெல்ல மெல்லப் பெருகிற்று. ஆகவே 1912-இல் பஸ் நடத்தியவருக்கு யந்திரம் அளித்த காப்பு மிகச் சிறிது. மனிதனின் ஒழுங்கே அன்று பெருங்காப்பாக இருந்தது.

அவ்வொழுங்கிலே தான் சுந்தரம் ஐயங்காரின் பெருமை தொடங்குகிறது. வண்டி நிறையும்வரை சந்தையடியில் நிறுத்திவைத்து, கூவிக் கூவி ஆள் சேர்ப்பதே அக்காலத்துப் பழக்கம். டி.வி.எஸ். வண்டிகளோ குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தன. வண்டி கடந்து செல்வதைக் கண்டு ஊரார் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்று மதுரைப் பக்கத்து முதியோர் சொல்வதுண்டு. மற்றொரு செய்தியும் அவர்கள் வாய்வழி வந்தது. வண்டி மாடுகளின் லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் சிதறி, டயர்களைக் குத்திக் கெடுத்தன. வழி நடுவே டயர் வெடித்தால் நேரம் மட்டுமன்று, உயிரும் போகும். ஆகவே காந்தத்தைக் கட்டிய வண்டி ஒன்றைச் சாலைமேல் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்கச் செய்தார்களாம். டயர் வெடித்த பின் வருந்துவதினும், வெடிக்கும் காரணத்தை முந்திச் சென்று எடுத்துவிடுவதே மேல் என்னும் கொள்கை இதில் விளங்குகிறது. இக்காந்தத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னும் ஒருமுறை அதனிடம் வருவோம்.

தொழில் நாளடைவில் கிளைவிட்டது. பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்னும் கம்பெனியின் பெயரால் ஓடின. மோட்டார் வண்டிகளையும் உறுப்புகளையும் விற்கவும் பழுது பார்க்கவும் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்னும் நிறுவனங்கள் தோன்றின. அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் அவர் நிறுவனம் இந்நாட்டில் முன்னணியில் நின்றது. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. இவற்றையெல்லாம் இணைத்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். வண்டியை விற்றவுடன் தம் கடமை முடிந்தது என்று அவர் கருதவில்லை. அது சாலையில் ஓடும் நாள் முழுவதும் அதற்குத் தாமே பொறுப்பென்று கருதினார்.

இரண்டாம் உலகப் போரின் போது பெட்ரோல் அரிதாயிற்று. பங்கீட்டு அளவு நாளுக்கு நாள் சுருங்கியது. அப்பொழுது டி.வி.எஸ். காஸ் பிளாண்டு என்னும் கரிவாயுக் கலம் அவர் நிறுவனத்தாரால் வகுத்துச் செய்யப்பெற்றது. பீப்பாய் போன்ற உலையில் மரக்கரியை இட்டுக் குறைந்த காற்றில் எரித்தால், முற்றும் எரியாத ஒரு வாயு உண்டாகும். அதனை வடிகட்டிக் குளிர்வித்து எஞ்சினுக்குள் செலுத்தினால் பெட்ரோல் இன்றியே வண்டி ஓடும். வேகம் குறைவு, ஏற்றத்தில் திணறும், உலையை மூட்டிச் சூடேற்றக் காலம் பிடிக்கும். எனினும் நோயாளி மருத்துவமனைக்கும், நெல் சந்தைக்கும், கடிதம் உறவினர்க்கும் போய்ச் சேர்ந்தன. முதுகில் உலையைச் சுமந்து புகையோடு ஓடிய அவ்வண்டிகளை அக்காலத்தவர் எளிதில் மறந்திலர்.

ஒரு மனிதனின் வரலாற்றில் தொழிலை மட்டும் சொல்லி வீட்டை மறைப்பது முறையன்று. அவருடைய மகளார் சௌந்தரம் 1904-ஆம் ஆண்டில் பிறந்தவர்; அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் செய்விக்கப்பெற்றவர்; கணவரைப் பிளேக் நோய்க்குப் பறிகொடுத்து, இருபது வயதை ஒட்டிய பருவத்தில் கைம்மை எய்தியவர். அவ்வாறு நேர்ந்த பெண்ணை வீட்டின் இருட்டறையில் வைத்துவிடுவதே ஆசாரம் எனப்பட்ட காலத்தில், அவரை மேற்படிப்புக்கு அனுப்பிய குடும்பம் சுந்தரம் ஐயங்காருடையது. தில்லியிலுள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1936-ஆம் ஆண்டில் அம்மங்கையார் மருத்துவரானார். ஆனால் அவர் வேறு குலத்தவராகிய ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்ய விரும்பியபோது பெற்றோர் உடன்படவில்லை. ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதிக்குமாறு காந்தியடிகள் இருவரையும் பணித்து, அதன் பின்னும் உறுதி மாறாமை கண்டு, 1940-ஆம் ஆண்டில் தம் ஆசியுடன் மணம் முடித்துவைத்தார். 1947-ஆம் ஆண்டில் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமம் தோன்றியது அத்தம்பதிகளின் உழைப்பினாலேயே. புதுச் சாலையில் முதலில் வண்டி ஓட்டியவரும் தம் வீட்டு வாயிலில் ஒரு கணம் தயங்கி நின்றார் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பெரியோர் தெய்வங்கள் அல்லர். ஆதலால்தான் அவர்களிடம் நாம் கற்க முடிகிறது.

கையிலிருந்த கடிவாளத்தை இறுதிவரை விடாத முதலாளிகள் பலர். சுந்தரம் ஐயங்கார் அவ்வாறன்றிக் காலத்தே தொழிலைத் தம் புதல்வரிடம் ஒப்படைத்து ஒதுங்கினார். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர் அவர். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள், கோடைக்கானலில், தம் எழுபத்தெட்டாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

அவர் தொடங்கிய பஸ் தொழில் அவர் குடும்பத்தாரிடம் நிலைக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் தமிழக அரசு பெரிய தனியார் பஸ் கம்பெனிகளை ஏற்றுக்கொண்டபோது, மதுரைச் சீமையின் டி.வி.எஸ். பஸ்களும் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் உடைமையாயின. குடும்பமும் பிற்காலத்தில் பல கிளைகளாகப் பிரிந்தது. ஆயினும் அவர் விதைத்த எண்ணம் வேறோர் இடத்தில் முளைத்தது. வண்டியை ஓட்டிய குடும்பம், வண்டியை நிறுத்தும் கருவிகளைச் செய்யலாயிற்று. சென்னைக்கு அடுத்த பாடியில், 1962-ஆம் ஆண்டில், ஆங்கில நாட்டு லூக்காஸ் கம்பெனியின் துணையுடன் பிரேக்ஸ் இந்தியாவும், கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியின் துணையுடன் சுந்தரம் கிளேட்டனும் ஏற்பட்டன. முன்னது திரவ பிரேக்கையும், பின்னது பஸ்களுக்கும் லாரிகளுக்கும் உரிய காற்று பிரேக்கையும் செய்தன. 1974-ஆம் ஆண்டில் பிரேக் லைனிங் செய்யும் தனி நிறுவனமும் உண்டாயிற்று. தரத்திற்கென ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசைச் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ஆம் ஆண்டிலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-ஆம் ஆண்டிலும் பெற்றன. காற்று பிரேக்கிற்குத் தாயகம் இரயில்வே. அமெரிக்கராகிய வெஸ்டிங்ஹவுஸ் 1869-ஆம் ஆண்டில் இரயில் வண்டிக்கென அதனை வகுத்தார். இளமையில் இரயில்வேயில் பணிசெய்தவரின் வழியினர், இரயிலிற் பிறந்த பிரேக்கைத் தமிழ்நாட்டுச் சாலைக்குச் செய்தளித்தது நினைக்கத் தக்கது. தேவதானம் நிறுத்தத்தில் பஸ் நிற்கும்போது அடியில் புஸ்ஸென்று எழும் ஓசை, வேலை முடித்த காற்று வெளியேறும் ஓசையே.

இனி நம் நண்பரின் காலடியில் அதிர்ந்த கருவிக்கு வருவோம். உருளும் சக்கரம் சாலையைப் பற்றும். உருளாது பூட்டிக்கொண்ட சக்கரம் சாலைமேல் வழுக்கும். நனைந்த தார்ச்சாலையில் பிரேக்கை வன்மையாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்போது வண்டி எளிதில் நிற்பதுமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்புவதுமில்லை. பனிக்கட்டிமேற் கல்லைப் போலச் சறுக்கிச் செல்லும். இதனைத் தடுக்க ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஓர் உணர்கருவி வைக்கப்படுகிறது. அதன் உயிர்நிலை ஒரு காந்தம். சக்கரத்தோடு சுழலும் பல்வளையம் அக்காந்தத்தைக் கடக்கும்தோறும் மின்துடிப்பு ஒன்று எழும். அத்துடிப்புகளை எண்ணிச் சக்கரத்தின் வேகத்தை ஒரு சிறு கணிப்பொறி அறிகிறது. நான்கனுள் ஒன்று மற்றவற்றினும் திடீரெனத் தளர்ந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று உணர்ந்து, அச்சக்கரத்தின் பிரேக்கை மட்டும் நொடியின் சிறுபகுதி நேரம் தளர்த்தி, மீண்டும் இறுக்குகிறது. ஒரு நொடியில் பத்து முறைக்கு மேலும் இவ்வாறு நிகழும். காலில் தெரியும் அதிர்ச்சி இதுவே. அன்று காந்தம் சாலையில் ஆணி பொறுக்கிற்று. இன்று காந்தம் சக்கரத்தருகே அமர்ந்து வழுக்கலைப் பொறுக்குகிறது. தீங்கு நேருமுன் அதன் காரணத்தை எடுத்துவிடும் கொள்கை இரண்டிலும் ஒன்றே.

இம்முறை முதலில் ஆகாய விமானங்களின் சக்கரங்களுக்கே பயன்பட்டது. மின்னணுக் கணிப்பொறியுடன் நான்கு சக்கரங்களையும் காக்கும் வடிவில், ஜெர்மானிய பாஷ் கம்பெனியார் 1978-ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் கார்களுக்கு இதனை அளித்தனர். பின்னர்ச் சுமைக்கு ஏற்ப முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் பிரேக்கின் விசையைப் பகிரும் ஏற்பாடு வந்தது. வளைவில் வண்டி தடம் புரளத் தொடங்கினால், ஓட்டுபவர் மிதியாமலே தக்கதொரு சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியை நேராக்கும் ஏற்பாடு 1995-ஆம் ஆண்டில் வந்தது. முன்னுள்ள பொருளை ரேடாரால் கண்டு தானே பிரேக் போடும் கார்களும் இப்போது நம் சாலைகளில் ஓடுகின்றன. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் கார்களுக்கும், 125 கன செ.மீ.-க்கு மேற்பட்ட எஞ்சினுடைய மோட்டார் சைக்கிள்களுக்கும் பூட்டாப் பிரேக் சட்டப்படி கட்டாயமாயிற்று. அவ்வாண்டு ஜூலை முதல் ஓட்டுபவருக்கான காற்றுப் பையும் கட்டாயமாயிற்று. மோதிய கணத்தில், கண் இமைப்பதினும் விரைவாக அப்பை விரியும். ஆனால் இருக்கை வார் அணியாதவனுக்கு அதுவே ஊறு செய்யவும் கூடும்.

இத்தனையும் இருந்தும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர் என்பது அரசாங்கக் கணக்கு. காரணம் என்ன? கருவி இயற்கையின் விதியை மாற்றவல்லதன்று. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்ட கண் காலுக்குச் சொல்லவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அதன்பின் உலர்ந்த சாலையில் நிற்க ஏறத்தாழ 30 மீட்டரும், மழைச் சாலையில் 50 மீட்டரும் வேண்டும். ஆக, மழையில் மொத்தம் 70 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கைப்பேசியைப் பார்க்கும் இரண்டு நொடியில் 40 மீட்டர் குருட்டு ஓட்டம் ஓடிவிடுகிறோம். சரளையிலும் மணலிலும் இவ்வகைப் பிரேக் உள்ள வண்டி சற்று அதிகத் தூரம் ஓடியே நிற்கும் என்பதையும் அறிதல் வேண்டும். தேய்ந்த டயரோடு ஓடும் வண்டிக்கு எந்தக் கணிப்பொறியும் பிடிப்பைக் கொடுக்க இயலாது.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லும் உங்களுள் பலர் தமையனாரின் மோட்டார் சைக்கிளையோ தந்தையாரின் காரையோ ஓட்டுவீர்கள். சுந்தரம் ஐயங்காரின் செல்வத்தை நாம் அனைவரும் அடைதல் இயலாது. அவருடைய ஒழுங்கை அடைதல் இயலும். புறப்படுமுன் டயரைப் பாருங்கள், வாரை அணியுங்கள், தலைக்கவசத்தை எண்ணெய்த் தொட்டியின் மேல் அன்று, தலைமேல் வையுங்கள். பூட்டாப் பிரேக் உள்ள காரில் ஆபத்து நேருமாயின் மிதிகட்டையை முழுவதும் மிதியுங்கள், அது அதிரும், அஞ்சிக் காலை எடாதீர்கள், கண் வழியைப் பார்க்க, கை திசையைத் திருப்பட்டும். நேரந்தவறாது சென்றவர் எனப் புகழ்பெற்றவர் அப்புகழை வேகத்தால் அடையவில்லை. குறித்த நேரத்தில் புறப்பட்டதனால் அடைந்தார் என்பதை மறவாதீர்கள்.

சில மாதங்கள் சென்று மீண்டும் அவ்வழியே தேவதானத்திற்குச் சென்றோம். அதே வளைவில் நண்பர் தாமாகவே வேகத்தைக் குறைத்தார். சாலையில் ஆடும் இல்லை, ஆளும் இல்லை. ஏன் குறைத்தீர் என்று நாமும் கேட்கவில்லை.